மஞ்சள் தடவிய மதிப்பெண் பட்டியல்

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம் முகத்தில் அடித்தது. திங்கட்கிழமை சாயங்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் சாம்பிராணி போடுவதில்லை.

சாமி மேடைக்கு முன்னால் அம்மா கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் லாரி ஓட்டிய அழுக்குச் சட்டையோடு என் அண்ணன் குணா. வெற்றிலை, பழம், கற்பூரத் தட்டு. அவற்றுக்கு நடுவே கனமான ஒரு வெள்ளைத் தாள். அதன் நான்கு மூலையிலும் ஈர மஞ்சள். நடுவில் இருந்த பொன்னிற முத்திரைமேல், குறி பார்த்து வைத்ததுபோல, ஒரு குங்குமப் பொட்டு.

"வந்துருச்சு கோகி," என்றார் அம்மா. "அமெரிக்காவுலேந்து உன் சிஜில் வந்துருச்சு. கொரியர்காரன்கிட்ட நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

சிஜில் என்றால் சான்றிதழ். எங்கள் வீட்டுக்குள் அதுவரை ஒரு பள்ளிச் சான்றிதழ் வந்ததில்லை. அம்மா பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவும் போகவில்லை, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணனும் போகவில்லை. இது முதல் தாள்.

நான் பையைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து பார்த்தேன். என் பெயர். அல்ஜீப்ரா, ஏ. உயிரியல், ஏ. அமெரிக்க வரலாறு, பி. ஆங்கிலம், ஏ. ஒரு குதி குதித்திருப்பேன். அதற்குள் மேடையின் ஓரத்தில் கிடந்த உறை கண்ணில் பட்டது.

மேல் ஓரம் நூல் பிடித்ததுபோல் அறுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அம்மாவின் பழைய கத்தி. மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய கை. உறை கிழியவே இல்லை.

"அம்மா, கவர யாரு பிரிச்சா?"

"நாந்தான். ஏன், கோணலா இருக்கா?"

உறையின் மூடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது. கல்லூரி மட்டுமே இதைத் திறக்கவேண்டும். வேறு யார் திறந்தாலும் உள்ளே இருப்பது செல்லாது.

கல்லூரி விண்ணப்பம் அந்த வெள்ளிக்கிழமையோடு மூடுகிறது. தவறவிட்டால் அடுத்த ஆண்டு.

ஏன் அமெரிக்கா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படித்துவருபவர்களுக்கு, எனக்கும் அண்ணனுக்கும் பிறப்புப் பத்திரம் இல்லாமல் போன கதை தெரியும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தோம். யாரும் பதியவில்லை. தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். பத்திரம் கைக்கு வந்தபோது அண்ணனுக்கு லாரியில் வேலை கிடைத்திருந்தது. என் வயதுப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோயிலில் நடந்த ஞாயிறு வகுப்பில் தமிழும் கணக்கும் கொஞ்சம் கற்றிருந்தேன். அவ்வளவுதான் என் கல்வி.

குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலையடியில் வரிசை வீடுகள். அதில் ஒரு வீட்டில் அம்மா சமையல் வேலைக்குப் போவார். வீட்டுக்காரர் சிவகாமி அக்கா, சிலோன் தமிழர், வங்கியில் வேலை பார்த்தவர். அவர் மகள் அபிக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஆகவே வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையில், அமெரிக்கப் பாடத்திட்டத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் அம்மாவுக்கு உதவியாக வெங்காயம் உரிப்பேன். காது மட்டும் மேசையில் இருக்கும். ஒருநாள் அபி ஒரு கணக்கில் முழித்தபோது, அடுப்படியிலிருந்தே விடையைச் சொல்லிவிட்டேன்.

அக்கா எழுந்து வந்து பார்த்தார். "ஆர் சொன்னது? நீயோ? கையைக் கழுவிப்போட்டு வந்து இதில இரு."

அப்படித்தான் உட்கார்ந்தேன். வெங்காய வாடையோடு.

மந்திரி கையெழுத்து எங்கே?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் படிப்பு எங்களுக்குப் புரியவே பல நாள் ஆனது. நம் நாட்டில் ஒரே நாளில் எல்லாரும் ஒரே தேர்வு எழுதுவோம். அதன் தாளில் அரசாங்கச் சின்னம் இருக்கும். அங்கே அப்படி ஒரு தேர்வு இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் முடிக்க முடிக்க கிரெடிட் சேரும். தேவையான கிரெடிட் சேர்ந்தால் பட்டயம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் வேலையைச் சரிபார்த்து மதிப்பெண் பட்டியல் கொடுப்பதற்கென்றே சில பள்ளிகள் இருக்கின்றன. குடைப் பள்ளி என்று சொல்வார்கள். பல வீடுகள் ஒரே குடையின்கீழ்.

"சரி, அந்தக் குடையப் புடிக்கிறது யாரு?" என்று கேட்டார் அம்மா. "எந்த மந்திரி கையெழுத்துப் போடுவாரு?"

சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விதான் முக்கியமான கேள்வி. அங்கே மந்திரி கையெழுத்துப் போடுவதில்லை. தனியான சங்கங்கள் பள்ளியைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கின்றன. அந்தச் சங்கம் யார், அதை மற்றவர்கள் மதிக்கிறார்களா என்று நாம்தான் பார்க்கவேண்டும்.

சிவகாமி அக்கா முதலில் ஒரு பள்ளியைப் பிடித்திருந்தார். இணையப் பக்கத்தில் பெரிய தங்கக் கழுகு. "முழு அங்கீகாரம்" என்று பளபளத்தது. பணம் கட்டுவதற்கு முதல்நாள் நான் சும்மா நோண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் கொடுத்த சங்கத்தின் முகவரியும் அந்தப் பள்ளியின் முகவரியும் ஒன்று. இரண்டும் ஒரே அஞ்சல் பெட்டி.

"அக்கா, இவங்களுக்கு இவங்களே சிஜில் குடுத்துக்கிறாங்க."

அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "எட, ஓம். நான் கழுகைப் பாத்து மயங்கிப்போனன்."

கடைசியில் கழுகு இல்லாத ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு அங்கீகாரம் கொடுத்த சங்கத்தின் பெயர் மலேசியக் கல்லூரிகளின் பட்டியலிலும் இருந்ததைத் தேடிப் பிடித்தவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. குடைப் பள்ளியின் விதிப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் என்று அந்தப் பிள்ளையின் பெற்றோர் பெயரைத்தான் பதியமுடியும். அபிக்கு சிவகாமி அக்கா. எனக்கு?

"உன்ர பிள்ளைக்கு நீதான் டீச்சர் எண்டு போடவேணும்," என்றார் அக்கா அம்மாவிடம்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னைய வச்சு வெளயாடுறீங்களா?"

முழுப்பேர், அரைப்பேர்

அம்மா விளையாடவில்லை. ஆசிரியர் என்று பெயர் போட்டுவிட்டார்கள், இனி அந்த வேலையைச் செய்தாகவேண்டும் என்று எடுத்துக்கொண்டார்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். அரைநாள் செய்தால் அரைப்பேர். சம்பளம் அந்தக் கணக்கில்தான். கிரெடிட் என்றால் என்ன என்று நான் விளக்கியதும் அம்மாவுக்கு அரைநிமிடத்தில் பிடிபட்டது.

"ஒரு பாடம் முழுசா முடிச்சா முழுப்பேரு. பாதிப் பாடம்னா அரைப்பேரு. அவ்ளோதானே? இதுக்கா இம்புட்டு இங்கிலீசு?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாயங்காலப் பெரட்டு ஆரம்பமானது. சமையல் முடிந்ததும் அம்மா தரையில் உட்காருவார். நான் அன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்லவேண்டும். அவருக்குப் புரிந்தால் பேர் விழும். புரியாவிட்டால் திரும்பவும் சொல்லவேண்டும். அமெரிக்கப் பள்ளியின் தேர்வுகளை நான் எளிதாக எழுதிவிடுவேன். அம்மாவைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

செல் பிரிவதைச் சொல்ல மூன்று சாயங்காலம் பிடித்தது. கடைசியில் சப்பாத்தி மாவை வைத்து விளக்கினேன். அமெரிக்கர்கள் வரியை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதைச் சொன்னபோது அம்மா நிறுத்தினார்.

"அவ்ளோ தேயிலையையுமா?"

"ஆமாமா. அவ்ளோவும்."

"அதக் கிள்ளுனவளுக்கு அன்னிக்குப் பேரு விழுந்துச்சாமா?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வரலாற்றில் எனக்கு பி வந்தது அதனால்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியையே கட்டுரையாக எழுதினேன். கேட்ட தலைப்பு வேறு.

விருப்பப் பாடங்களை வீட்டிலேயே வகுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. வார இறுதிகளில் சொந்தக்காரர் ஒருவரின் சிறு ரப்பர்த் தோட்டத்தில் அம்மாவோடு நானும் மரம் வெட்டப் போவேன், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க. பாட விளக்கம் எழுதி, படம் எடுத்து அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். என் பட்டியலில் கடைசி வரி: வேளாண்மை, ரப்பர் மரம் வெட்டுதல், அரை கிரெடிட். அதற்கு எனக்கு அம்மா போட்ட மதிப்பெண் பி ப்ளஸ். "கை இன்னும் நடுங்குதுலா," என்றார்.

துடைக்கத் துடைக்க

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

உறையில் இருந்த சிவப்பு வரியை நான் தமிழில் சொன்னதும் அம்மா அடுப்படிக்குப் போய் ஈரத்துணி எடுத்து வந்தார். மஞ்சளைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க மஞ்சள் பரவியது. மூலையில் இருந்தது அல்ஜீப்ரா வரைக்கும் வந்துவிட்டது.

"விடுமா."

"போயிரும், இரு."

"விடுமா. போவாது."

அண்ணன் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "பசை போட்டு ஒட்டிறலாம்லா. அம்மா வெட்டுன வெட்டு யாருக்கும் தெரியாது."

"உள்ள இருக்குற மஞ்சளுக்கு என்ன சொல்றது?"

"அமெரிக்காக்காரனும் சாமி கும்புட்டுதான் அனுப்புனான்னு சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் இத லேமினேட் பண்ணத்தான் கெளம்புனேன் கோகி. கடைக்காரன் மூடிட்டான்."

அந்தக் கடைக்காரருக்கு இன்றுவரை நன்றி.

சிவகாமி அக்காவுக்குப் போன் போட்டேன். உறை திறந்ததைச் சொன்னபோது "ஐயோ" என்றார். மஞ்சளைச் சொன்னபோது சத்தமே இல்லை. பிறகுதான் அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. "சிரிக்கக்கூடாது பிள்ளை. எனக்குத் தெரியும், சிரிக்கக்கூடாது. நடந்ததை அப்படியே அந்தப் பள்ளிக்கு எழுது. ஒண்டும் மறைக்காத."

மஞ்சள் உட்பட எல்லாவற்றையும் எழுதினேன். படத்தையும் இணைத்தேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. புதுத் தாள் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் மின்னஞ்சலில் நேராகக் கல்லூரிக்கே அனுப்பலாம். அப்படி வந்தால் கல்லூரியும் ஏற்றுக்கொள்ளும். அதற்கு முன், பதிவு செய்யப்பட்ட ஆசிரியர் காணொளியில் வந்து, மாணவி படித்தது உண்மை என்று உறுதி சொல்லவேண்டும்.

அம்மா தலையை ஆட்டி மறுத்தார். "சிவகாமிய என் எடத்துல பேசச் சொல்லு. அவுங்க இங்கிலீசு நல்லா இருக்கும். நான் ஒரு தடவ கெடுத்தது போதும்."

"அவுங்க எனக்கு டீச்சர் இல்லமா."

"நான் மட்டும் டீச்சரா? படிக்கத் தெரியாதவ. கேமராவுல பாத்தாலே அவனுங்களுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியட்டும்."

எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறியிருந்தது. என் படிப்பில் பொய் இல்லை. அதன் கடைசி வாசலில் பொய்யான ஓர் அம்மாவை உட்காரவைத்து அதைக் கறையாக்க நான் தயாராக இல்லை. கல்லூரி கிடைக்காமல் போனாலும் சரி.

அன்று முழுக்க அம்மா ஒரே ஒரு வாக்கியத்தைப் பழகினார். "யெஸ். ஐ எம் த டீச்சர்." மீன் கழுவும்போது. துணி காயப்போடும்போது. அண்ணன் சாப்பாடு கேட்டபோதும் அதுவே பதில்.

அங்கே இன்னும் நேற்று

புதன்கிழமை விடியற்காலையில் அழைப்பு. அங்கே அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன்.

"அங்க இப்ப என்ன கெழம?" என்று கேட்டார் அம்மா.

"செவ்வா. சாயங்காலம்."

"அங்க இன்னும் நேத்தா?" அம்மா கொஞ்சம் தெம்பானார். "அப்ப நமக்குத்தான் முன்னாடி தெரியும்."

நல்ல சேலை, நெற்றியில் திருநீறு. அண்ணன் கைப்பேசியை மிலோ டின்னில் சாய்த்து வைத்தான். திரையில் நரைத்த கூந்தலோடு ஓர் அம்மையார் வந்தார். பதிவாளர். வணக்கம் சொல்லி, கையிலிருந்த தாளைப் பார்த்து அம்மாவின் முழுப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கவனித்து வாசித்தார்.

விடியற்காலை. அதிகாரி ஒருவர் தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார்.

அம்மா சட்டென்று எழுந்து நின்றார். "இருக்கேங்க."

திரையில் அவர் சேலைக் கொசுவம் மட்டும் தெரிந்தது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான். நான் அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

பதிவாளர் மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். இந்தப் பிள்ளை படித்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

இது நாங்கள் பழகிய கேள்வி இல்லை. பழகிய வாக்கியம் இதற்குப் பொருந்தாது. அம்மா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கலாம், விடை சொல்லக்கூடாது. கேள்வியைத் தமிழில் மட்டும் சொன்னேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகினார். பிறகு நேராகத் திரையிடம் பேசினார்.

"எவ்ரி டே ஈவினிங், ஷீ டெல். ஐ ஹியர். ஐ நோ அண்டர்ஸ்டாண்ட், ஷீ டெல் அகேன். அகேன் நோ அண்டர்ஸ்டாண்ட், அகேன் டெல். ஐ அண்டர்ஸ்டாண்ட்..." கையைத் தட்டினார். "ஃபினிஷ். பேர் விழுந்துரும்."

கடைசி இரண்டு சொல்லை நான் மொழிபெயர்த்தேன். பதிவாளர் எதையோ தட்டச்சு செய்தார். எனக்கு அந்த விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நிமிர்ந்து, இது போதும் அம்மா என்றார். பட்டியல் இன்றே கல்லூரிக்குப் போகும். இன்னொன்று, அந்த மஞ்சள் தாளின் படத்தை எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாமா?

"என்ன கேக்குறாங்க?"

"உன் மஞ்சள சுவத்துல மாட்டணுமாம்."

"தாராளமா," என்றார் அம்மா. "அவுங்களுக்கும் நல்லது நடக்கட்டும்."

திரை அணைந்தது. நான் அம்மாவைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன். முடியவில்லை. இருவரும் சோபாவில் விழுந்தோம். அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "அந்த வாக்கியத்தச் சொல்லவே இல்லயே. நாள் முழுக்கப் பழகினேனே."

காம்பார்

வெள்ளிக்கிழமை அண்ணனின் லாரியிலேயே மூவரும் கல்லூரி இருக்கும் காம்பார் போனோம். அசல் அடையாள அட்டையோடு நேரில் வரச்சொல்லியிருந்தார்கள். வழியெல்லாம் மலையும், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் தேங்கிய பச்சைத் தண்ணீரும். அம்மா மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மஞ்சள் தாள்.

"அது எதுக்குமா? அது செல்லாது."

"இருக்கட்டும். ஒரு தொணைக்கு."

கல்லூரி வாசலில் பளபளக்கும் கார்களுக்கு நடுவே அண்ணன் லாரியை நிறுத்தினான். காவலர் வந்து ஏதோ கேட்க, "ஸ்டூடெண்டு வந்துருக்கு அண்ணே," என்று என்னைக் காட்டினான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.

முகப்பில் இருந்த அலுவலர் இளைஞர், தமிழர். திரையில் என் பட்டியலைத் திறந்தார். அங்கீகாரச் சங்கத்தின் பெயரைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டார். தலையாட்டினார். வரிவரியாகக் கீழே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"ரப்பர் மரம் வெட்டுறதுக்கு அரை கிரெடிட்டா?"

"ஆமாங்க. பி ப்ளஸ்."

"எங்க தாத்தா கேட்டா சந்தோஷப்படுவாரு," என்று சிரித்தபடி எதையோ அழுத்தினார். அச்சு இயந்திரம் உறுமியது. அனுமதிக் கடிதம், என் பெயரோடு, இன்னும் சூடாக வெளியே வந்தது. உயிரியல் அடிப்படைப் படிப்பு. நான் அதை இரண்டு கையாலும் வாங்கினேன்.

அலுவலர் எனக்குப் பின்னால் பார்த்தார். பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா நின்றிருந்தார்.

"இவங்க உங்க அம்மாவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஓரடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யெஸ்," என்றார். "ஐ எம் த டீச்சர்."

அலுவலர் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார். திரையில் ஆசிரியர் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க டீச்சர்."